பல்வலிக்கு ஒரு சிட்டிகை

"உன் தம்பி பையில போதப் பொருள் புடிச்சிட்டாங்களாம்" என்று அம்மா போனில் சொன்னபோது நான் கம்பெனி கேன்டீன் வரிசையில் தட்டோடு நின்றிருந்தேன். பின்னால் நின்றவள் முதுகில் இடித்தாள். நகரவே தோன்றவில்லை.

"இன்னாம்மா சொல்ற? யாரு, செல்வாவா?"

"வேற எத்தினி தம்பி உனக்கு? தில்ஷாத் டீச்சர் போன் பண்ணாங்க. திங்கக்கெழம பெரியவங்க யாராச்சும் வந்து ஹெச்.எம்.ம பாக்கணுமாம். இல்லன்னா டி.சி. குடுத்து அனுப்பிடுவாங்களாம்."

"இன்னா பொருள்னு கேட்டியா?"

"அதக் கேக்கற நெலமையிலயா இருந்தேன்? போதன்னா போததான். உங்க நைனா வந்து பெல்ட்ட கயட்டுனாரு. நான்தான் நடுவுல வுழுந்து புடிச்சேன்."

"நைனா இன்னா சொல்றாரு?"

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "படிச்சது போதும்னுட்டாரு. திங்கக்கெழம டி.சி.ய வாங்கிடு, செவ்வாக்கெழமலேர்ந்து என்கூட வரட்டும்னு சொல்றாரு. கலீமுல்லா மேஸ்திரிகிட்ட சொல்லியும் வெச்சிட்டாரு."

தட்டைத் திருப்பி வைத்துவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்தேன். நான் வேலை செய்வது ஸ்ரீபெரும்புதூரில், செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில். ஹாஸ்டல் வாசம். பிளஸ் டூ முடித்த கையோடு ஆம்பூரிலிருந்து வந்துவிட்டேன். எனக்குப் பிறகு செல்வகுமார், பிளஸ் ஒன், சயின்ஸ் குரூப். அதற்குப் பிறகு ஹேமலதா, எட்டாவது. இரண்டு பேரும் ஒரே ஸ்கூல். செல்வா மேலே படிப்பான் என்பதை நம்பித்தான் வீட்டில் எல்லாமே நடந்துகொண்டிருந்தது.

எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை, சுண்ணாம்புத் தொட்டியில். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, முடி கழன்று வந்ததும் தூக்குகிற வேலை. அவருடைய விரல்களைப் பார்த்தால் தெரியும். நுனியெல்லாம் வெளுத்து, சுருங்கி, ரேகையே இல்லாமல் இருக்கும். ரேஷன் கடையில் கைரேகை விழாமல் ஒவ்வொரு மாதமும் தகராறு. "எம் புள்ளைங்க கையி மட்டும் இப்புடி ஆவக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்தான் இப்போது செல்வாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார்.

சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். போனில் கஞ்சா பையன்கள், ஊசி பையன்கள் என்று வீடியோ வீடியோவாக வந்து விழுந்தன. எல்லா முகமும் செல்வா முகமாகவே தெரிந்தது. பஸ் குலுக்கலில் டைப் செய்ய வரவில்லை. போனை வாயருகே வைத்து மெல்லப் பேசினேன், அதுவே எழுதிக்கொண்டது. "டேய், நீ எதச் சாப்ட்டிருந்தாலும் அக்காகிட்ட சொல்லு. அடிக்க மாட்டேன். நைனாகிட்ட நான் பேசறேன். பயப்படாத." அனுப்பினேன். வாலாஜா தாண்டியும் பதில் இல்லை. வேலூர் வந்தபோது ஒரே ஒரு வரி வந்தது: "வா. சொல்றேன்."

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தும்முவார்கள். அம்மா வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறவள். மடியில் முறம், முறத்தில் ஒரு பக்கம் வெட்டின இலை, இன்னொரு பக்கம் புகையிலைத் தூள். அந்தத் தூள் சுவரில், தலையணையில், நோட்டுப் புத்தகத்தில், காயப்போட்ட யூனிபாரத்தில் எல்லாம் இருக்கும். எங்களுக்கு அது வாசனையே கிடையாது. ஆனால் ஹாஸ்டலில் இருந்து பழகிப்போன எனக்கு, அன்றைக்கு வாசற்படியிலேயே தும்மல் வந்தது.

"பாருடா, பட்டணத்து மூக்கு" என்றாள் அம்மா. சிரிக்கப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது.

நைனா அன்றைக்குச் சீக்கிரமே வந்திருந்தார். செல்வா சுவரோரம் உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் விரல் பதிந்த தடம் இருந்தது.

"வா மோகனா. உன் தொர தம்பியப் பாரு" என்று நைனா அவன் கையைப் பிடித்து இழுத்து மூக்கருகே கொண்டுபோனார். "மோந்து பாரு. பீடி நாத்தம். எத்தினி சோப்பு போட்டாலும் போவாது."

மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த ஹேமா தலையைத் தூக்காமலே சொன்னாள். "என் கையையும் மோந்து பாரு நைனா. அம்மா கைய மோந்து பாரு. நம்ம வூட்டுப் பூன கைய மோந்தாகூட அந்த நாத்தம்தான் வரும்."

செல்வாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

"சிரிங்க. நல்லா சிரிங்க. செவ்வாக்கெழம தொட்டியில எறங்குனா தெரியும் சிரிப்பு" என்றார் நைனா.

ஹேமா எங்கள் வீட்டு வாயாடி. பதின்மூன்று வயதுக்கு மீறின பேச்சு. வீடியோ கால் போட்டால் அவள்தான் வந்து நிற்பாள். போன வருஷம் ஸ்கூலுக்கு வந்த பல் டாக்டர்கள் அவளுடைய சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அன்றைக்கு வாயை ஆவென்று திறந்து ஓட்டையைப் போனுக்கு நேராகக் காட்டி, "அக்கா, ஜன்னல் வெச்சிருக்காங்க பாரு" என்றவள். புகையிலை ஒழிப்பு தினத்துக்குப் படம் வரைந்து முதல் பரிசு வாங்கியவளும் அவள்தான். சமீபமாகப் போனில் கொஞ்சம் வாயை மூடினாற்போலப் பேசினாள். வயசுக்கு வருகிற வெட்கமென்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா என் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். "மோகனா, போன்ல பேசுனா அதுவே எழுதும்ன்னு சொன்னியே. ஹெச்.எம்.முக்கு ஒரு மன்னிப்பு லெட்டர் போடு. தெரியாம செஞ்சிட்டான், இனிமே செய்ய மாட்டான்னு. இவன் ஒரு கையெழுத்து போட்டா வுட்டுடுவாங்க."

"ஒண்ணும் தேவல" என்றார் நைனா. ஆனால் தடுக்கவில்லை.

நான் போனை எடுத்துப் பேச ஆரம்பித்தேன். "மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு. என் தம்பி செல்வகுமார் தெரியாமல் போதைப் பொருள்..."

"நான் கையெழுத்து போட மாட்டேன்" என்றான் செல்வா. வந்ததிலிருந்து அவன் பேசின முதல் வார்த்தை அது. "அது என்து இல்ல."

"உன் பையில இருந்தது உன்து இல்லாம ஊரான் ஊட்டுதா?" என்றார் நைனா.

"நம்ம ஊட்டுதுதான். அம்மாவக் கேளு."

அம்மா முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்த வேகத்தில் தூள் பறந்தது. அவள் அடித்த அடி அவன் காதில் விழுந்தது. "நான் உக்காந்து முதுகு ஒடியச் சுத்தறேன், நீ என் தூளத் திருடி ஊதிட்டு என்னயே சொல்றியாடா பொறுக்கி?"

செல்வா எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். நான் பின்னாலேயே ஓடினேன்.

ரயில்வே கேட் பக்கத்து டீக்கடை வரைக்கும் அவன் நிற்கவில்லை. பிறகு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். காது சிவந்திருந்தது.

"சிகரெட்டா?" என்றேன்.

"சிகரெட்டு ஒரு வாட்டி அடிச்சேன்கா. பசங்க உசுப்பேத்துனானுங்க. வாந்தி எடுத்தேன். அத்தோட சரி. அத நான் இல்லன்னு சொல்லல."

"அப்ப பையில இருந்தது?"

"தூளு. ஒரு பொட்டலம். அம்மா மடிச்சுக் குடுத்தது."

"எதுக்குடா?"

"ஹேமாவுக்கு. அவ காலைல மறந்துட்டு ஓடிட்டா. நான் கெளம்பறப்ப அம்மா என் பையில வெச்சு, 'தங்கச்சிக்கு இன்டர்வெல்ல குடுத்துடுடா, பல்லு வலில துடிக்கும்'ன்னு சொல்லுச்சு. அதுக்குள்ள பை செக்கிங் வந்துட்டாங்க." அவன் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தான். "கிளாஸ்ல அத்தன பேர் முன்னாடி எங்கம்மா குடுத்துச்சுன்னு எப்படிச் சொல்றது? ஊட்டுல வந்து சொல்லலாம்ன்னு இருந்தேன். வாயத் தொறக்கறதுக்குள்ள பெல்ட்டு. இன்னிக்குச் சொன்னேன். பாத்தல்ல?"

நான் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நம்ப விரும்பவில்லை. அவன் தப்பித்துக்கொள்ளக் கதை கட்டுகிறான் என்றுதான் தோன்றியது. "எந்த அம்மாடா புள்ளைக்குப் புகையில குடுத்து ஸ்கூலுக்கு அனுப்புவா?"

"நீ போய் ஹேமாவப் பாரு" என்றான்.

வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நைனா படுத்திருந்தார். கணக்கு நோட்டு திறந்தபடி கிடந்தது. ஹேமாவைக் காணோம். பின்பக்கம் போனேன். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் அவள் குந்தியிருந்தாள். இடது உள்ளங்கையில் தூள். வலது கட்டைவிரலால் அதை நன்றாகத் தேய்த்தாள். இரண்டு தட்டுத் தட்டி மேலே நின்ற தூசியை ஊதினாள். பிறகு மூன்று விரலால் அள்ளி, கீழுதட்டை இழுத்து, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வைத்து, நாக்கால் ஒரு முறை அழுத்திக்கொண்டாள். பார்க்காமலே செய்தாள். ஜடையில் ரிப்பன் கட்டுகிற மாதிரி. கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நான் டிரம்மைச் சுற்றிப் போய் அவள் முன்னால் நின்றேன்.

"ஹேமா."

திடுக்கிட்டாள், ஆனால் பயப்படவில்லை. "இன்னாக்கா?"

"இன்னாடி பண்ற?"

"பல்லு வலிக்குதுக்கா. மருந்து வெச்சேன்."

"அது புகையிலடி!"

"தூளுக்கா" என்றாள், ஒரு டீச்சர் திருத்துகிற மாதிரி. "அம்மாதான் வெச்சுக்கச் சொல்லுச்சு. மரத்துப் போயிடும். வலியே தெரியாது."

"எப்பலேர்ந்து?"

"ஏழாவதுலேர்ந்து."

"தெனமுமா வலிக்குது?"

"ம். காலைல எழுந்தவொடனே வலிக்கும். அப்புறம் இன்டர்வெல்ல. மத்தியானம் சாப்ட்டதும். கணக்கு போடறப்ப ஜாஸ்தி. வெக்கலன்னா மண்ட இடிக்கும், ஒண்ணுமே ஓடாது." உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல ஒரு சிட்டிக வெச்சா போதும். இப்ப கொஞ்சம் கூட வெக்கணும்."

"நீதானடி புகையிலக்கு எதிரா படம் வரஞ்சு பிரைஸ் வாங்குன?"

"அது சிகரெட்டுக்கா" என்றாள். என் மரமண்டையைப் பார்த்து அவளுக்கு அலுப்பு. "ஆம்பளைங்க புடிக்கறது. பொக வரும், நுரையீரல் கருப்பாவும், கேன்சர் வரும். எல்லாம் கலர் பண்ணியிருந்தேன்."

"பீடி?"

"பீடிய ஏன் வரையணும்? அது அம்மா செய்யறதாச்சே."

அம்மா குடத்தோடு வந்தாள். நான் ஹேமாவின் கையைப் பிடித்து அவள் முன்னால் நிறுத்தினேன். குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. "இவ வாயில இன்னா இருக்கு பாரும்மா."

அம்மா பார்த்தாள். குடத்தை இறக்கினாள். "தூளு. பல்லு வலிக்கு வெச்சிருக்கா. அதுக்கு ஏன் இப்புடி கத்தற?"

"செல்வா பையில வெச்சு அனுப்புனது நீதானா?"

"ஆமா. பாவம், இவ மறந்துட்டா."

"அம்மா, அதத்தான் புடிச்சிருக்காங்க! அதத்தான் போதப் பொருள்னு சொல்றாங்க!"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்க்கிற பார்வை. "அது வேற, இது வேற. பல்லு வலிக்கு வெக்கற தூளுக்கா ஒரு டீச்சர் போன் பண்ணுவாங்க? எங்கம்மா எனக்கு வெச்சாங்க. முறம் புடிக்கற எந்த வூட்டுல வேணா போயி கேளு, கொழந்தைக்குப் பல்லு வலின்னா இதான் வெப்பாங்க. இவன் பையில வேற ஏதோ இருந்திருக்கு. தப்பிக்கறதுக்கு மருந்து மேல பழி போடறான்."

திண்டாடிப்போனேன். நைனாவிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "அந்தத் தூளுக்குப் போதன்னு பேர் வெச்சா, எங்க ஷாப்ல பாதிப் பேர உள்ள தூக்கிப் போடணும்" என்றார். "அந்த நாத்தத்துல நிக்கறதுக்கு வாயில ஏதாச்சும் இருக்கணும் மோகனா. நாங்க இன்னா போதையில கெடக்கறமா? உன் தம்பி கில்லாடி. உன்ன நல்லா ஏமாத்திட்டான்."

ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு வேலை செய்தேன். தூள் டப்பாவை என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அம்மா முறத்தில் போட்டுக்கொள்கிற தூளைத் தவிர வேறு தூள் யார் கைக்கும் போகாமல் பார்த்துக்கொண்டேன். ஹேமாவிடம், "இன்னிக்கு ஒரு நாள் வெக்காம இரு. நாளைக்கு ஆஸ்பத்திரி போலாம்" என்றேன்.

"சரிக்கா" என்று சிரித்தாள்.

தோசை சாப்பிடும்போது நன்றாக இருந்தாள். அப்புறம் டிவி சத்தம் ஜாஸ்தி என்றாள். குறைத்தேன். ஃபேன் சத்தம் என்றாள். மத்தியானம் சாம்பார் காரமென்று தட்டைத் தள்ளினாள். கணக்கு நோட்டைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள், பென்சிலைக் கடித்துத் துப்பினாள். நெற்றியெல்லாம் வேர்த்தது. "அக்கா, கொஞ்சூண்டு. ஒரே ஒரு சிட்டிக" என்றாள். நான் முடியாது என்றதும் என் வாயாடித் தங்கச்சி, பூனைக்குக்கூடப் பரிந்து பேசுகிறவள், நோட்டை என் முகத்தில் எறிந்தாள். "உன்ன யாரு வரச் சொன்னது? போ, உன் கம்பெனிக்கே போ!" பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டாள். கை விரல்கள் நடுங்கின.

செல்வா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்திலும் அதிர்ச்சி. பொட்டலம் கொண்டுபோனவனுக்கும் இதெல்லாம் தெரிந்திருக்கவில்லை.

"பாத்தியா?" என்றாள் அம்மா அழுகிற குரலில். "பல்லு வலில எப்புடி துடிக்குது பாரு. பெத்த வயிறு பத்துது. குடுடி அத."

"அம்மா, இது பல்லு வலி இல்லம்மா."

"நீ டாக்டரா?"

நான் பாத்ரூம் போய் வருவதற்குள் அம்மா தன் முறத்திலிருந்தே அள்ளிக் கொடுத்துவிட்டாள். ஹேமா எழுந்து உட்கார்ந்திருந்தாள். நோட்டில் கணக்கு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. "சாரிக்கா" என்றாள், கீழுதடு அசையாமல்.

திங்கட்கிழமை காலையில் நைனா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டே, "பேசிட்டு நிக்காத. டி.சி.ய வாங்கிட்டு வந்துடு" என்று அம்மாவிடம் சொன்னார். செல்வாவின் பழைய பேன்ட் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடியில் போட்டிருந்தார், மறுநாள் தொட்டியில் இறங்கப் போட்டுக்கொள்ள. செல்வா யூனிபாரம் போட்டுக்கொண்டு அந்த பேன்ட்டுக்குக் கீழே குனிந்து வெளியே வந்தான்.

ஹேமா தோழிகளோடு முன்னாலேயே போய்விட்டாள். நாங்கள் மூன்று பேரும் நடந்தோம். பாதி வழியில் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"ஒண்ணு சொல்றேன். அங்க ஹேமா பேர எடுக்காத. பொம்பளப் புள்ள. வாயில வெக்கறான்னு பேராயிட்டா அப்புறம் எவன் வருவான்?"

"மருந்துன்னு சொன்னியேம்மா. மருந்துன்னா சொல்றதுக்கு இன்னா?"

அம்மா என் கையை விட்டாள். மூன்று நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு சந்தேகத்தைப் பார்த்தேன்.

ஹெச்.எம். ரூமில் தில்ஷாத் டீச்சரும் இருந்தார். உட்காரச் சொன்னார்கள். அம்மா உட்காரவில்லை. சுவரில் மாணவர்கள் வரைந்த படங்கள். நடுவில் ஹேமாவின் படம். பெரிய சிகரெட்டு, அதன் நுனியிலிருந்து வருகிற புகையில் ஒரு மண்டையோடு, கீழே கறுப்பு நுரையீரல். ஓரத்தில் அழகான எழுத்தில் அவள் பெயரும் வகுப்பும்.

"நல்லா படிக்கற பையன்" என்றார் ஹெச்.எம். "அதான் வருத்தமா இருக்கு. யாருக்குடா எடுத்துட்டு வந்தன்னு கேட்டா வாயே தொறக்கல. மத்த பசங்களுக்கு விக்கறானோன்னு சந்தேகம். அப்படின்னா நான் வெச்சுக்க முடியாதும்மா."

"சார், அது இன்னான்னு ஒரு வாட்டி காட்டுவீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

அவர் மேஜை டிராயரைத் திறந்தார். பேப்பரில் மடித்த சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேஜைக் கண்ணாடி மேல் வைத்தார். பீடிக்குக் கட்டுகிற சிவப்பு நூல். இரண்டு சுற்று, முடிச்சுப் போடாமல் நுனியை உள்ளே செருகியிருந்தது. பீடிக் கட்டுக்கு அம்மா அப்படித்தான் செருகுவாள்.

அம்மா அதையே பார்த்தாள்.

"வேற எதுவும் இல்லியா சார்?"

"இது போதாதாம்மா? உள்ள புகையிலத் தூளு."

"இது மட்டும்தானா? இவன் பையில வேற எதுவுமே..."

"இது மட்டும்தான்" என்றார் தில்ஷாத் டீச்சர். "நான்தான் எடுத்தேன்."

அம்மாவின் கை நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டது. அவள் செல்வாவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது இன்னும் கன்றியிருந்தது. நான் பேச வாயெடுத்தேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சார், இது நான் கட்டுனது" என்றாள்.

"புரியலம்மா."

"நான் பீடி சுத்தறவ. இது என் தூளு. நான்தான் மடிச்சு, இந்தப் புள்ள பையில வெச்சு அனுப்புனேன். இவன் தொடவே இல்ல. சொன்னான், நான் காதுல வாங்கல. அடிச்சிட்டேன்."

ஹெச்.எம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க வெச்சு அனுப்புனீங்களா? ஸ்கூலுக்கா? யாருக்கும்மா?"

அம்மாவின் கண் சுவருக்குப் போனது. அந்தப் படத்தில் நின்றது. இங்கே ஒரு பொய் சொல்லிவிடலாம். வழியில் வாங்கிக்கொள்ள வருகிற எவளுக்கோ என்று சொல்லலாம், கைதவறி விழுந்தது என்று சொல்லலாம். சொன்னால் செல்வாவைப் பாதி நம்புவார்கள், பாதி நம்பமாட்டார்கள்.

"எம் பொண்ணுக்கு சார். எட்டாவது பி. ஹேமலதா." குரல் உடைந்தது. "பல்லு வலிக்குதுன்னு அழுவா. அதுக்காவ ஒரு சிட்டிக வெச்சேன். வேற ஒண்ணும் தெரியாது சார் எனக்கு."

தில்ஷாத் டீச்சரின் கையிலிருந்த பேனா மேஜையில் விழுந்தது. "ஹேமலதாவா? யா அல்லா. அவதான சார் காலைல அசெம்பிளியில போதைக்கு எதிரான உறுதிமொழி படிச்சா."

வெளியே ஏதோ ஒரு வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"செல்வகுமார்" என்றார் ஹெச்.எம். கடைசியில். "கிளாசுக்குப் போ."

"சார், டி.சி.?"

"போடான்னு சொன்னேன்ல. பிசிக்ஸ் நடக்குது."

செல்வா பையை மாட்டினான். அம்மாவைத் தாண்டும்போது அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் பிடித்தபடியே நின்றாள். "வுடும்மா. லேட்டாச்சு" என்றான். குரலில் கோபம் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஓட்டமாகப் போய்விட்டான்.

ஹெச்.எம். அம்மாவிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஹேமாவை இன்றைக்கே வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பல் டாக்டரிடம் காட்டச் சொன்னார். பொட்டலத்தை ஒற்றை விரலால் நகர்த்தி, "இத எடுத்துக்குங்கம்மா. இங்க இருக்க வேணாம்" என்றார். அம்மா எடுத்தாள். எப்போதும் போல இடுப்பில் செருகப் போனாள். செருகாமல் கைக்குள்ளேயே மூடிக்கொண்டாள்.

வராந்தாவில் நின்றோம். நல்ல வெயில். அம்மா என்னிடம், "நைனாவுக்குப் போன் போடு. மேஸ்திரிகிட்ட வேணாம்ன்னு சொல்லச் சொல்லு" என்றாள். நான் போனை எடுத்தேன். அதற்குள் தில்ஷாத் டீச்சர் ஹேமாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். இன்டர்வெல் மணி இன்னும் அடிக்கவில்லை. அவள் முகம் வாடியிருந்தது. எங்களைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. அவளுடைய கண் நேராக அம்மாவின் மூடிய கைக்குத்தான் போனது. விரல் இடுக்கில் சிவப்பு நூல் கொஞ்சம் தெரிந்தது.

அம்மா அதைப் பார்த்தாள். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். ஹேமாவின் கண்ணும் கூடவே போனது.

"அம்மா, பல்லு வலிக்குது" என்றாள்.

"எந்தப் பல்லுடி?" இத்தனை நாளில் அம்மா அதைக் கேட்டது அதுவே முதல் தடவை. "வாயத் தொற. காட்டு."

ஹேமா வெயிலுக்கு நேராக வாயைத் திறந்தாள். விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்தாள். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஓர் இடத்தைத் தொட்டாள்.

அங்கே பல் இல்லை. போன வருஷம் பிடுங்கின ஓட்டை, எனக்கு வீடியோவில் காட்டிச் சிரித்த அந்த ஜன்னல், ஈறு மூடி வழவழவென்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், கன்னத்தின் உட்புறம், ஒரு விரல் அகலத்துக்குச் சதை வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. நைனாவின் விரல் நுனி மாதிரியே.

தில்ஷாத் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மாவின் கையிலிருந்து பொட்டலம் கீழே விழுந்தது. ஹேமா வாயைத் திறந்தபடி, விரலை எடுக்காமல், கண்ணை மட்டும் தாழ்த்தி அது விழுந்த இடத்தைப் பார்த்தாள்.

"இங்கதாம்மா" என்றாள். "ரொம்ப வலிக்குது."